எந்த டீம், என்ன இலக்கு? ஃபுட்பால் மேனேஜர் ஆட்டங்களின் 40 வருடக் கதை

கால்பந்து மேனேஜர் வகை வீடியோ கேம்களில் நீங்கள் பந்தை உதைப்பதே இல்லை. ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, யார் எங்கே ஆட வேண்டும் என்று முடிவு செய்வது, சம்பளக் கணக்குப் பார்ப்பது, இதுதான் வேலை. மேட்ச் நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்கலாம், ஆள் மாற்றலாம், அவ்வளவுதான். இதில் என்ன சுவாரஸ்யம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே இரவு இரண்டு மணி வரை இதில் உட்கார்ந்திருக்கிறது.

ஆட்டத்தைத் திறந்ததும் வரும் முதல் கேள்வி: எந்த டீம்? கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கேள்வி: இந்த சீசனில் என்ன இலக்கு? (ஆபீஸ் பாஷையில் 'கோல் செட்டிங்'. கால்பந்தில் அந்த வார்த்தையைப் போட்டால் குழப்பம் வரும் என்பதால் இலக்கு என்றே சொல்கிறேன்.)

இந்த இரண்டாவது கேள்வியை யார் கேட்கிறார்கள், பதிலை யார் முடிவு செய்கிறார்கள் என்பது 1982-லிருந்து இன்று வரை பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து போனால் இந்த ஆட்டங்களின் மொத்த வரலாறும் கிடைத்துவிடுகிறது. கூடவே, இலக்கு என்ற விஷயத்தைப் பற்றியே சில தெளிவுகளும் கிடைக்கின்றன. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

விலைச்சீட்டோடு ஒரு இலக்கு

கம்ப்யூட்டருக்கு முன்னால் நிஜத்திலிருந்து ஆரம்பிப்போம். லண்டனுக்கு வடக்கே வாட்ஃபோர்டு என்று ஒரு ஊர். அந்த ஊர் கிளப் 1977-ல் நாலாவது டிவிஷனில் இருந்தது. அப்போது இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் நாலு டிவிஷன், மொத்தம் 92 கிளப். அதாவது வாட்ஃபோர்டு இருந்தது கடைசிப் படி. கிளப்பின் சேர்மன் யார் தெரியுமா? பாடகர் எல்டன் ஜான். சின்ன வயதிலிருந்தே அந்த டீமின் ரசிகர். 1976-ல் சேர்மன் ஆகியிருந்தார்.

அவர் கிரஹாம் டெய்லர் என்ற இளம் மேனேஜரை வேலைக்கு அழைத்தார். டெய்லர் அதற்கு முந்தைய வருடம்தான் லிங்கன் சிட்டியை நாலாவது டிவிஷன் சாம்பியன் ஆக்கியிருந்தார். பின்னாளில் இருவருமே சொன்ன கதை இது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று டெய்லர் கேட்கிறார். ஐரோப்பியப் போட்டியில் ஆட வேண்டும் என்கிறார் எல்டன் ஜான். அதற்கு பத்து லட்சம் பவுண்டு ஆகும் என்கிறார் டெய்லர்.

அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று புரிய ஒரு ஒப்பீடு. பிரிட்டனில் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் ஆட்டக்காரர் டிரெவர் ஃபிரான்சிஸ். அது நடந்தது 1979-ல். அதற்கும் இரண்டு வருடம் முன்பு, நாலாவது டிவிஷன் கிளப் ஒன்றில் நடந்த பேச்சு இது.

அப்புறம் நடந்தது பதிவான வரலாறு. 1978-ல் மூன்றாவது டிவிஷன். 1979-ல் இரண்டாவது. 1982-ல் முதல் டிவிஷன். அங்கே போன முதல் சீசனிலேயே, 1982-83-ல், லிவர்பூலுக்கு அடுத்து இரண்டாம் இடம். 1983-84-ல் யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆடினார்கள். இலக்கு நிறைவேறியது.

இந்த உரையாடலில் மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். எங்கே இருக்கிறோம் (நாலாவது டிவிஷன்), எங்கே போக வேண்டும் (ஐரோப்பா), அதற்கு என்ன விலை (பத்து லட்சம்). மூன்றும் சேர்ந்தால்தான் அது இலக்கு. கம்ப்யூட்டர் ஆட்டங்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவர இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டன.

1982: எல்லோரும் நாலாவது டிவிஷன்

வாட்ஃபோர்டு முதல் டிவிஷனுக்கு ஏறிய அதே 1982-ல்தான் கெவின் டாம்ஸ் என்ற புரோகிராமர் 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். சின்ன வயதில் அட்டையில் போர்டு கேமாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்த யோசனை அது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும் அதை பேசிக் மொழியில் எழுதினார். இசட்எக்ஸ் 81 கம்ப்யூட்டரில் கூடுதல் மெமரி பேக் செருகினால் 16 கிலோபைட். அதற்குள் ஒரு லீக், ஆட்டக்காரர்கள், வங்கிக் கணக்கு, எஃப்.ஏ. கோப்பை எல்லாம் அடங்க வேண்டும். இன்று போனில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது.

கேசட்டில் விற்றார். தன் கம்பெனிக்கு வைத்த பெயர் அடிக்டிவ் கேம்ஸ். விளம்பரத்திலும் அட்டையிலும் தாடியோடு சிரிக்கும் அவருடைய முகமே இருக்கும்.

இந்த ஆட்டத்தில் டீமைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எந்த டீமை எடுத்தாலும் நாலாவது டிவிஷனில்தான் ஆரம்பம். லிவர்பூல் எடுத்தாலும் சரி, மான்செஸ்டர் யுனைடெட் எடுத்தாலும் சரி. டீம் என்பது வெறும் பெயர்ப் பலகை. ஆட்டக்காரர்களுக்கு அந்தக் காலத்து நிஜப் பெயர்கள் இருக்கும், ஆனால் அவர்களின் திறமை ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வரும். இங்கிலாந்து கேப்டன் சுமாரான ஆட்டக்காரராக வருவார், பெயர் தெரியாத ஒருவர் நட்சத்திரமாக வருவார்.

இதை மெமரி பற்றாக்குறையால் வந்த சமரசம் என்று ஒதுக்கிவிடலாம். 92 கிளப்புக்கும் தனித்தனி ஆட்டக்காரர் பட்டியல் வைக்க 16 கிலோபைட்டில் இடம் ஏது? ஆனால் விளைவைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே ஆரம்பக் கோடு. இலக்கை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கடைசிப் படியில் நிற்கிறவனுக்கு ஒரே திசைதான், மேலே. சீசன் முடிந்தால் அடுத்த சீசன், ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. எப்போது நிறுத்துவது என்பது உங்கள் இஷ்டம்.

இது கற்பனை, நிஜத்தில் நடக்குமா என்று அன்று யாராவது சிரித்திருந்தால், அதே 1982-83 சீசனில் விம்பிள்டன் கிளப் நாலாவது டிவிஷன் சாம்பியன் ஆனது. அடுத்த சீசனில் மூன்றாவது டிவிஷனிலிருந்தும் மேலே. 1986-ல் முதல் டிவிஷன். நாலு சீசனில் மூன்று படி. 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் லிவர்பூலை 1-0 என்று ஜெயித்தார்கள். அவர்கள் ஃபுட்பால் லீக்கில் சேர்ந்ததே 1977-ல்தான். டாம்ஸின் கேசட் சொன்ன கதையை நிஜ டீம் ஒன்று பக்கத்திலேயே ஆடிக் காட்டிக்கொண்டிருந்தது.

1992: டீம்தான் தலையெழுத்து

அடுத்த பெரிய திருப்பம் பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற அண்ணன் தம்பி. ஷ்ராப்ஷயரில் தங்கள் வீட்டு அறையில் உட்கார்ந்து எழுதிய ஆட்டம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள், வேண்டாம் என்று பதில் வந்தது. மேட்ச் நடப்பதைக் காட்டும் படம் எதுவும் இல்லை, வெறும் எழுத்தும் அட்டவணையும்தான் என்பது குறை. கடைசியில் டோமார்க் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டு 1992-ல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்று வெளியிட்டது. முதல் பதிப்பில் ஆட்டக்காரர் பெயர்கள் கற்பனை. அடுத்து வந்த 93 பதிப்பில் நிஜப் பெயர்கள் வந்துவிட்டன.

இங்கே டீம் என்பது பெயர்ப் பலகை இல்லை. ஒவ்வொரு கிளப்பும் அது நிஜத்தில் இருக்கும் டிவிஷனில், அதற்குரிய பலத்தோடு, அதற்குரிய பணத்தோடு இருக்கும். நீங்கள் இல்லாவிட்டாலும் அந்த உலகம் நடக்கும். மற்ற டீம்கள் தங்களுக்குள் ஆளை வாங்கி விற்கும், மேனேஜர்கள் வேலை இழப்பார்கள். நீங்கள் அதில் ஒரு நாற்காலியில் போய் உட்காருகிறீர்கள்.

நாற்காலிக்கு மேலே ஒரு போர்டு, அதாவது கிளப் நிர்வாகம், இருக்கிறது. அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும், குறையும், ஒருநாள் தீர்ந்தும் போகும். பெரிய கிளப்பில் எட்டாம் இடம் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதே எட்டாம் இடத்தை ஒரு சின்ன கிளப்பில் வாங்கினால் உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு இதுதான் இந்த வகை ஆட்டங்களின் முக்கியமான கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. எட்டு என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. யாருடைய எட்டு என்று தெரிந்தால்தான் அது வெற்றியா தோல்வியா என்று சொல்ல முடியும். ஆக, முதல் கேள்விக்குப் பதில் சொன்னபோதே இரண்டாவது கேள்விக்கும் பாதி பதில் சொல்லிவிட்டீர்கள். டீமைத் தொட்டதும் இலக்கும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு நிஜ உதாரணம் வேண்டுமென்றால் பிரையன் கிளஃப். டெர்பி கவுண்டியை இரண்டாவது டிவிஷனில் எடுத்து 1972-ல் இங்கிலாந்து சாம்பியன் ஆக்கியவர். 1974-ல் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். அப்போதைய நடப்பு சாம்பியன், எல்லாம் தயாராக இருந்த டீம். 44 நாளில் வெளியே அனுப்பினார்கள். 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இரண்டாவது டிவிஷனில் பாதிக்குக் கீழே கிடந்த டீம். 1977-ல் மேலே ஏறி, 1978-ல் லீக் பட்டம், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. அதே மனிதர், அதே குணம். லீட்ஸில் அவர் காக்க வேண்டிய உயரம் முன்பே இருந்தது. ஃபாரஸ்டில் கட்டுவதற்குக் காலி மனை இருந்தது.

போர்டு ரூம் பேரம்

2003-ல் கோலியர் சகோதரர்களின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் கம்பெனியும், வெளியீட்டாளர் ஈடாஸும் பிரிந்தார்கள். பாகப்பிரிவினை சுவாரஸ்யமானது. 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயர் ஈடாஸுக்கு. புரோகிராமும் ஆட்டக்காரர் தரவுத்தளமும் சகோதரர்களுக்கு. அவர்கள் சேகா கம்பெனியோடு சேர்ந்து 2004 நவம்பரில் 'ஃபுட்பால் மேனேஜர் 2005' வெளியிட்டார்கள். டாம்ஸின் 1982 ஆட்டத்துக்கு இருந்த அதே பெயர், 22 வருடம் கழித்து. பெயரை வைத்திருந்தவர்கள் தேய்ந்தார்கள், தரவை வைத்திருந்தவர்கள் நிலைத்தார்கள். சாஃப்ட்வேர் தொழிலில் இருக்கிறவர்கள் இதை ஒரு பாடமாகவே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தரவுத்தளத்தில் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் இல்லை, கிளப்புகளுக்கும் ஒரு எண் உண்டு: மதிப்பு. 10,000-க்கு இத்தனை என்று. பத்திரிகைகள் சீசன் ஆரம்பத்தில் சொல்லும் கணிப்பு, எந்த ஆட்டக்காரர் உங்களோடு பேசவே சம்மதிப்பார், போர்டு எதை எதிர்பார்க்கும் என்பதிலெல்லாம் இந்த எண்ணின் கை இருக்கிறது.

பிறகு வந்த பதிப்புகளில் சீசன் தொடக்கத்தில் போர்டு உங்களை உட்காரவைத்து ஒரு பட்டியல் நீட்டும். பட்டம் வெல்வது, பட்டத்துக்குப் போட்டி போடுவது, ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெறுவது, மேல் பாதியில் முடிப்பது, தரமிறக்கத்திலிருந்து தப்புவது. (தரமிறக்கம் என்றால் கடைசி இடங்களில் வரும் டீம்கள் அடுத்த சீசனுக்குக் கீழ் டிவிஷனுக்குப் போவது.) ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு தொகை. ஆள் வாங்க இவ்வளவு, வாரச் சம்பளத்துக்கு இவ்வளவு. பெரிய இலக்கைச் சொன்னால் பெரிய தொகை. சின்ன இலக்கைச் சொன்னால் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். ரொம்பச் சின்னதாகச் சொல்லவும் முடியாது. பெரிய கிளப்பில் 'தப்பித்தால் போதும்' என்ற வரியே பட்டியலில் இருக்காது.

எல்டன் ஜானும் டெய்லரும் பேசிய பேச்சு இதுதான். இருக்குமிடம், போகுமிடம், விலை. மூன்றும் ஒரே திரையில்.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தத் திரையை விளக்கவே வேண்டாம். ஏப்ரல் மாதம் மேனேஜரோடு உட்கார்ந்து வருட இலக்கு எழுதுவோம் இல்லையா, அதேதான். அதிகமாகச் சொன்னால் ஆள் கிடைக்கும், பட்ஜெட் கிடைக்கும், மார்ச்சில் கழுத்தில் கத்தி. குறைவாகச் சொன்னால் நிம்மதி, ஆனால் கேட்ட இரண்டு பேர் வர மாட்டார்கள். ஆட்டத்திலும் இந்தத் தந்திரம் ரொம்பப் பிரபலம். முடிந்தவரை குறைவாக வாக்குக் கொடு, அதைத் தாண்டி முடி, போர்டு சந்தோஷப்படும்.

சீசன் நடுவில் மோசமாகப் போனால் இன்னொரு கூட்டம். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். அடுத்த ஐந்து மேட்சில் இத்தனை பாயின்ட் எடுக்கிறேன் என்று சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இதற்கும் ஆபீஸில் ஒரு பெயர் இருக்கிறது. வேண்டாம், விடுங்கள்.

நீங்கள் யார் என்பதும் கணக்கில் வரும். ஆட்டத்தில் உங்கள் மேனேஜரை உருவாக்கும்போது பழைய அனுபவம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மைதான ஆட்டக்காரரா, சர்வதேச ஆட்டக்காரரா? பயிற்சியாளர் சான்றிதழ் உண்டா? எதுவும் இல்லாமல் ஒரு பெரிய கிளப்பில் போய் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்களே மதிக்க மாட்டார்கள். இது மிகை இல்லை. சின்ன வயதில் இந்த ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்ததாகச் சொல்லும் வில் ஸ்டில், 2022 அக்டோபரில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் கிளப்புக்குப் பொறுப்பேற்றபோது அவரிடம் உயர்நிலைச் சான்றிதழ் இல்லை. அதற்காக கிளப் ஒவ்வொரு மேட்சுக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டியது. முதல் 17 லீக் மேட்சில் அவர் தோற்கவே இல்லை, அதனால் கிளப்பும் முணுமுணுக்காமல் கட்டியது. கேம் ஆடியவன் மேனேஜர் ஆனான் என்று பத்திரிகைகள் எழுதின. நடுவில் அவர் இங்கிலாந்தில் கல்லூரியில் படித்ததையும், பெல்ஜியத்தில் வீடியோ பகுப்பாய்வாளராக வேலை பார்த்ததையும் தலைப்பில் போட இடமில்லை போல.

ஜெயித்தால் வரும் கஷ்டம்

இந்த ஏற்பாட்டில் ஒரு கொக்கி இருக்கிறது. ஜெயித்தால் கிளப்பின் மதிப்பு எண் ஏறும். மதிப்பு ஏறினால் எதிர்பார்ப்பும் ஏறும். போன வருடம் கொண்டாடியது இந்த வருடம் குறைந்தபட்சம் ஆகிவிடும். ஆனால் மைதானம், ரசிகர் கூட்டம், வருமானம் எல்லாம் அதே வேகத்தில் ஏறாது. ஆட்டத்தில் நிறைய பேர் சின்ன கிளப்பை மேலே கொண்டுபோய்விட்டு இரண்டாவது, மூன்றாவது சீசனில் திணறுவது இங்கேதான்.

லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள். 2014-15-ல் கடைசி நேரத்தில் தப்பி 14-ம் இடம். 2015-16 தொடங்கும்போது அவர்கள் பட்டம் வெல்வதற்குப் பந்தயக்காரர்கள் வைத்த விகிதம் 5000-க்கு 1. அந்த சீசனில் எந்த போர்டும் லெஸ்டருக்கு 'தப்பித்தால் போதும்' என்பதைத்தான் இலக்காக எழுதியிருக்கும். கிளாடியோ ரனியேரி பட்டத்தையே வாங்கிக் கொடுத்தார். 2017 பிப்ரவரியில், ஒன்பது மாதத்தில், அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போது டீம் தரமிறக்கப் பகுதிக்கு ஒரே ஒரு பாயின்ட் மேலே.

யோசித்தால், 2015-ல் எழுதிய இலக்கின்படி அவர் அந்த நிமிடமும் பாஸ்தான். 17-ம் இடம் என்றால் தப்பித்த இடம். ஆனால் நடுவில் ஒரு பட்டம் வந்து அளவுகோலை மாற்றிவிட்டது. கொடுத்த இலக்கைத் தாண்டுகிறவன் தன்னுடைய அடுத்த இலக்கைத் தானே கடினமாக்கிக்கொள்கிறான். குறைவாக வாக்குக் கொடுக்கும் தந்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதும் இதனால்தான்.

ஆடுகிறவன் தானே வைத்துக்கொள்ளும் இலக்கு

போர்டு கொடுக்கும் இலக்கு ஒரு பக்கம் இருக்க, இந்த ஆட்டத்தை வருடக்கணக்காக ஆடுகிறவர்கள் தங்களுக்கென்று வேறு விதிகள் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வரலாற்று ரீதியாக இதுதான் அதிக சுவாரஸ்யம்.

முதல் வகை, கீழே இருந்து ஏறுவது. இங்கிலாந்தில் ஆட்டம் நேரடியாகத் தரும் கடைசிப் படி ஆறாவது அடுக்கு. அங்கே எடுத்தால் பிரீமியர் லீக் வர ஐந்து முறை மேலே ஏற வேண்டும். 1982-ல் டாம்ஸ் எல்லோர் மீதும் திணித்த ஆரம்பத்தை, எல்லா வசதியும் வந்த பிறகு மக்கள் தாங்களாகவே தேடிப் போகிறார்கள்! வேலையே இல்லாத மேனேஜராக ஆரம்பித்து, யார் கூப்பிடுகிறார்களோ அங்கே போவது இதிலேயே இன்னும் கடுமையான வகை.

இரண்டாவது வகை, கட்டுப்பாட்டோடு ஆடுவது. இதற்கு மிகப் பொருத்தமான டீம் ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ். பாஸ்க் பகுதியில் பிறந்தவர்கள் அல்லது அங்கே பயிற்சி பெற்று வளர்ந்தவர்கள் மட்டுமே ஆட வேண்டும் என்பது அந்த கிளப் நூறு வருடத்துக்கும் மேலாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். ஆட்டத்திலும் அப்படியே. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் பிரேசில்காரரை வாங்க முடியாது. நிஜத்தில் இந்தக் கட்டுப்பாட்டோடுதான் அவர்கள் ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. அந்தப் பெருமை உள்ள மற்ற இரண்டு கிளப்புகள் ரியல் மாட்ரிட், பார்சிலோனா. 2024-ல் அரசர் கோப்பையை 40 வருடத்துக்குப் பிறகு வென்றார்கள். அவர்களுக்கு வெற்றி என்றால் என்ன, தங்கள் பையன்களை வைத்து ஜெயிப்பது. பில்பாவைத் தேர்ந்தெடுக்கிறவன் இந்த விதியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறான்.

மூன்றாவது வகை, உலகம் சுற்றுவது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய ஐந்து கண்டங்களின் கிளப் சாம்பியன் பட்டத்தையும் ஒரே மேனேஜர் வாங்க வேண்டும். பென்டகன் சவால் என்று பெயர். இதில் டீம் ஒரு படிக்கட்டுதான், மேனேஜரின் வாழ்க்கைதான் கதை.

லீக்கின் அமைப்பும் இலக்கை மாற்றும். ஆட்டத்தில் இந்திய லீக்கும் உண்டு. சென்னையின் எஃப்.சி.யை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் இரண்டு பட்டம் (2015, 2017-18) வாங்கிய டீம். ஆனால் அந்த லீக்கில் பல வருடங்களாகத் தரமிறக்கம் இருந்ததில்லை. அப்போது கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருடம் அங்கேயேதான். 'தப்புவது' என்ற இலக்கே அர்த்தம் இழந்துவிட்டது. இங்கிலாந்தில் 17-ம் இடத்துக்கும் 18-ம் இடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த வயிற்றுக் கலக்கம் இங்கே இருக்கவில்லை. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். கீழே விழும் பயம் இல்லாத இடத்தில் இலக்குகளின் பட்டியல் சின்னதாகிவிடுகிறது என்பது மட்டும் உறுதி.

இந்த மாதிரி ஆசைகளை ஆட்டத்தை உருவாக்கியவர்களும் கவனித்திருக்க வேண்டும். 2020 பதிப்பில் 'கிளப் விஷன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இந்த வருட இடம் என்ன என்பதோடு ஐந்து வருடத் திட்டமும் வந்தது. தாக்கி ஆட வேண்டும், சொந்த அகாடமிப் பையன்களை வளர்க்க வேண்டும், இளம் ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியம் என்ற குறிப்பு. எங்கே முடித்தாய் என்பதோடு எப்படி முடித்தாய் என்பதும் மதிப்பெண்ணுக்குள் வந்தது.

இலக்கு வைப்பவர்களுக்கே வந்த சோதனை

2004-லிருந்து வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஆட்டம் ஒரு வருடம் வரவில்லை. 2025 பதிப்பு. பழைய அடித்தளத்தை விட்டுவிட்டு யூனிட்டி என்ற புது இன்ஜினுக்கு மாறுவது, திரைகளைப் புதிதாக வடிவமைப்பது, முதல்முறையாகப் பெண்கள் கால்பந்தைச் சேர்ப்பது, எல்லாம் ஒரே பதிப்பில் என்று அறிவித்தார்கள். 2024 நவம்பர் என்றார்கள். 2025 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். 2025 பிப்ரவரியில் மொத்தமாக ரத்து செய்து, முன்பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நினைத்த தரத்தை எட்டவில்லை, அப்படியே வெளியிட்டுவிட்டுப் பிறகு சரிசெய்வது நியாயமில்லை என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். அந்த மாற்றங்களோடு 2025 நவம்பரில் 26-ம் பதிப்பு வந்தது.

இருக்குமிடத்தையும் விலையையும் எடை போடாமல் போகுமிடத்தை மட்டும் அறிவித்தால் என்ன ஆகும் என்பதை, அந்தக் கணக்கைத் திரையில் கொண்டுவந்தவர்களே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் ரத்து செய்ததை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. தேதியைக் காப்பாற்ற அரைகுறையாக வெளியிடும் தொழிலில், பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும்.

புதிதாக ஆட ஆரம்பிக்கிறவர்கள் எந்த டீம் எடுக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பணக்கார டீம் ஒன்றின் பெயர்தான். தப்பில்லை, ஆனால் சீக்கிரம் அலுத்துவிடும். அங்கே பட்டம் வாங்கினால் கடமை முடிந்தது, வாங்காவிட்டால் வேலை போச்சு. நடுவில் சந்தோஷப்பட இடமே இல்லை. நான் சொல்வது இதுதான். டீம் பெயரைப் பார்க்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்த கிளப் இன்று எந்தப் படியில் நிற்கிறது? எதைச் சாதித்தால் அந்த ஊர்க்காரன் பத்து வருடம் கழித்தும் பேசுவான்? அதற்கு போர்டு எவ்வளவு தருகிறது? மூன்றுக்கும் பதில் எழுத முடிகிற டீமை எடுங்கள். பத்தாம் இடத்தில் முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.